வளைவுக்குப் பின்னால் ஒரு கதவு

படிக்கட்டில் அப்பிக் கிடந்த கேக் கிரீமை ஆனந்தமேரி தகரத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வெளியூர்ப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வளைவுக்கு முன்னால் பிறந்தநாள் கொண்டாடினால், திங்கட்கிழமை காலையில் அது அவள் வேலை. எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கிரீம் கல்லுக்குள் இறங்கி ஒரு வாரத்துக்கு எறும்பு மொய்க்கும். முதலில் சுரண்டல், பிறகு சீயக்காய்த் தூள், தேங்காய் நார், அப்புறம்தான் தண்ணீர். நாலைந்து தடவை எறும்புக் கடி வாங்கித் தெரிந்துகொண்டது.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் அந்தத் திடலைப் பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சில் ‘பிளாஸ்’ என்றுதான் சொல்வார்கள். நடுவில் பிரெஞ்சுக்காரன் காலத்து வளைவு. அதன் பின்னால் அந்தக் காலத்துக் காவல்காரனுக்குக் கட்டிய சின்ன அறை. உள்ளே ஒரு குழாய், ஒரு கழிப்பறை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் விக்டர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். இரண்டு வயது மகள் லினெட்டைக் குருசுக்குப்பத்தில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு இங்கே வேலைக்கு வந்தாள். முதல் நாள் மேஸ்திரி கையில் கொடுத்தது துடைப்பமும் அந்த அறையின் சாவியும். சாவி அவள் கழுத்தில் மாதா சுரூபம் தொங்கிய கயிற்றிலேயே தொங்கியது. லினெட் வளர்ந்து மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலைக்குப் போகும்வரை அது அங்கேதான் இருந்தது.

போன வருஷம் திடலைப் புதுப்பித்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, “பூட்டு மாத்திட்டுப் புதுச் சாவி தர்றோம்மா” என்றான். கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

புதுச் சாவி வரவில்லை. இப்போது அந்த அறைக்குள் பளிங்கு, ஆளுயரக் கண்ணாடி. வாசலில் ‘பார்வையாளர்களுக்கு மட்டும்’. திறப்பதே பத்து மணிக்கு. திறந்த பிறகும் பச்சைச் சீருடையைக் கண்டால் காவலாளி கையை நீட்டி மறிக்கிறான். அவள் வேலை நேரமோ காலை ஐந்திலிருந்து மதியம் ஒன்று வரை. வீட்டுக்குப் போய் வர நாற்பது நிமிஷம். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் ‘இடத்தில் இல்லை’ என்று அரை நாள் கூலி போனது. அப்புறம் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். மே மாதம் காய்ச்சலும் அடிவயிற்று எரிச்சலுமாகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். “தெனமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்” என்றாள் டாக்டரம்மா.

“குடிக்கிறேம்மா. குடிச்சிட்டு எங்க போறது?”

அதற்கு மருந்துச் சீட்டில் இடம் இல்லை.

சாவி கேட்டுத் திடல் அலுவலகத்தில் மூன்று மனு கொடுத்தாள். பதிலுக்கு ஒரு போட்டோக்காரர் வந்து, துடைப்பத்தோடு அவளைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போனார். நேற்று அந்தப் படம் ஆளுயரப் பலகையாக வந்து கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது. அடியில், ‘இத்திடலைத் தன் சொந்த வீடாகக் காப்பவர்.’

கூட வேலை பார்க்கும் ரூபி வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். “யக்கா, கதவுக்குக் காவலா உன்னையே நிறுத்திட்டாங்க பாரு.”

“நான் போவ முடியாத எடத்துல எம் போட்டோ நிக்குது.”

“போட்டோவுக்கு ஒண்ணுக்கு வராதுக்கா. அதான்.”

பதினொரு மணிக்குத் திடல் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி கலைவாணன் எழுந்து நாற்காலி போட்டார். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. அவள் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரும், ஜவுளிக்கடைப் பையில் ஒரு புடவையும் வைத்தார்.

“நாளைக்குத் திடல் விழாவுக்கு இதைக் கட்டிக்கிட்டு வாங்க மேரிம்மா. மேடையில உங்களுக்குத்தான் முதல் மரியாதை.”

“சாவி, சார்.”

“அது பாரம்பரியக் கட்டடம்மா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க.”

“எல்லாரும்னா பெருக்குற ஆறு பொம்பளைங்க. கேக்கட்டுமே.”

“விழா முடியட்டும். பாக்கலாம்.”

“பலகையில சொந்த வீடுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. சொந்த வீட்டுல ஒண்ணுக்குப் போவ எவளாவது மனு எழுதுவாளா சார்? நான் மூணு எழுதிட்டேன்.”

கலைவாணன் கைப்பேசியைத் திருப்பி வைத்தார். “அந்த வாசகம் நான் எழுதலம்மா. விளம்பர ஏஜென்சிக்காரங்க.”

“படிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?”

அவர் கதவைப் பார்த்தார், யாரும் வரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார். “கோவப்படாதீங்க. அழைப்பிதழ்ல உங்க பேரு அச்சாயிடுச்சு. வர்றவங்கல்லாம் உங்களத்தான் கேப்பாங்க. காலைல ஒம்போது மணி. வந்துடுவீங்கல்ல?”

ஆனந்தமேரி புடவைப் பையை அவர் பக்கம் நகர்த்தினாள். தொடாத தண்ணீர் டம்ளரையும் அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். எழுந்தாள்.

“மேரிம்மா, வந்துடுவீங்கல்ல?”

இரண்டாவது தடவை அவர் கேட்டபோது அவள் அலுவலக வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.