பந்தலுக்குப் போன ஓலை

எங்கள் ஊருக்கு முத்துநகர் என்று பேர் வைத்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடமாட்டேன். "தூத்துக்குடியா? அப்போ வீட்டுல முத்து குவிஞ்சு கிடக்குமே!" என்று வெளியூர்க்காரர்கள் இளிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வளர்ந்த எழுபதுகளில் அந்த ஊரில் மில் சங்கு ஊதியது, புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் தெருவெல்லாம் புழுதி அடித்தன, கொழும்புக்குப் போகிற தோணிகளில் வெங்காயமும் கருவாடும் ஏறின. எங்கள் வீட்டில் உலை கொதித்தது உப்பால். முத்தை நான் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி.

அப்பா குத்தகைக்கு உப்பளம் எடுத்திருந்தார். பாத்தியில் கடல்தண்ணீரை விட்டு, வெயிலையும் காற்றையும் நம்பி உட்கார்ந்திருக்கிற பிழைப்பு. மாவட்டமே மழைக்குப் பொங்கல் வைக்கும்போது நாங்கள் மட்டும் மழை வரக் கூடாது என்று கும்பிடுவோம். எங்கள் தெருவில் பெண்கள் சண்டை போட்டால், "உன் அளத்துல மழை பெய்ய!" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். அதற்கு மேல் ஒரு சாபம் எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மழையின் பயன்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒரு பயனும் இல்லை என்று எழுதிவிட்டு வாத்தியாரிடம் அடி வாங்கினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுதுவேன்.

நான் பி.யு.சி. முடித்த வருஷம் விளைச்சல் நன்றாக இருந்தது. வாரிய உப்பை எல்லாம் வரப்பு மேட்டில் அம்பாரமாகக் குவித்திருந்தோம். வீட்டின் பின்வாசலில் நின்று பார்த்தாலே, ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். "யாவாரி வரட்டும்ளா. உப்பைப் போட்டுட்டு உன்னைய காலேஜில சேத்துட்டுத்தான் எனக்கு மறுவேல" என்றார் அப்பா. பஸ்ஸில் போய்ப் படித்து, பி.ஏ. வாங்கி, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அந்த அம்பாரம்தான் என் காலேஜ்.

அம்மாவுக்கு அது ஆகவில்லை. ஆற்றங்கரை ஊரான ஏரலில் இருந்து ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தாள். வாழைத்தோட்டம், நஞ்சை, சொந்த வீடு. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சும்மா பாத்துட்டுப் போகட்டும்ளா. உப்பு வித்துட்டா நான் ஏன் உன்னைய இப்பமே கட்டிக் குடுக்கப் போறேன்?" என்றார். அந்த மனுசன் சொன்னதை நம்பித்தான் பட்டுச்சேலை கட்டினேன்.

எங்கள் வாசலில் பொட்டு நிழல் கிடையாது. அளத்தோரம் மரம் எங்கே முளைக்கும்? "மாப்பிள்ள வீட்டுக்காரங்கள வெயில்லயா உக்கார வைக்கது? ஊரு சிரிக்கும்" என்று அம்மா காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். அம்பாரத்தை மூடுவதற்கு என்று வாங்கிய பனை ஓலை அளத்தில் அடுக்கிக் கிடந்தது. அப்பா அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து வாசலில் பந்தல் போட்டார்.

"அம்பாரத்துக்கு வச்ச ஓலைல்லாப்பா அது?"

"ஒரு நாளைக்குத்தான ஏளா. நாளைக்குப் பிரிச்சுக் கொண்டுபோட்டுருவேன். வைகாசியில என்ன மழை?"

உப்பளக்காரன் வாயில் வரக் கூடாத பேச்சு அது. வந்துவிட்டது.

மத்தியானம் பிளசர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேசினாள். "ஆத்துல தண்ணியே இல்ல அண்ணாச்சி. வாழையெல்லாம் தலையத் தொங்கப் போட்டு நிக்கி" என்று அப்பாவிடம் ஒரே புலம்பல். கலர் சோடா குடித்துக்கொண்டே என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள். மாட்டுச் சந்தையில்கூட இதைவிட மரியாதையாகப் பார்ப்பார்கள்.

அப்போதுதான் காற்று நின்றது. புழுக்கம். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், செத்துப்போயிருந்தது. தூறல் எல்லாம் இல்லை; எடுத்த எடுப்பிலேயே கொட்டியது.

ஏரல்காரிக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பந்தலுக்கு வெளியே கையை நீட்டி மழைத்தண்ணீரை வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். "பாத்தியளா அண்ணாச்சி, பொண்ணு வந்து உக்காரவும் மழையும் வந்துட்டு! எங்க வாழைக்கு உசிரு வந்துட்டு!" என்று கும்மி அடிக்காத குறை. எங்கள் அம்பாரம் அங்கே திறந்து கிடக்கிறது. அதை மூட வேண்டிய ஓலைக்கடியில், ஒரு பொட்டுக்கூட நனையாமல் இவர்கள் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது.

எழுந்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெஞ்சில் ஏறி, தலைக்கு மேலே இருந்த ஓலையைப் பிடித்து இழுத்தேன். ஒன்று கையோடு வந்தது. மாப்பிள்ளையின் தோளில் தண்ணீர் ஊற்றியது. "ஐயோ!" என்று அம்மா அலறினாள். அடுத்த ஓலையைப் பிடிப்பதற்குள் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"விடுங்கப்பா! இப்ப கொண்டுபோனாலும் பாதியாவது மிஞ்சும்! அவங்க நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காரட்டும்!"

"எறங்கு. விருந்தாளி தலைக்கு மேல கூரையப் பிடுங்குவியா? எறங்குளா!"

ஏரல்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, பிள்ள எதுக்கு ஓலைய இழுக்கா?"

நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள், எங்கள் பிழைப்பு அங்கே கரைகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உள்ளுக்குள் கதறினேன்.

"ஒண்ணுமில்ல மைனி. ஒழுகுதான்னு பாத்தா" என்றார் அப்பா. பிறகு சிரித்தார். "நல்ல மழைல்லா."

இறங்கிவிட்டேன். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து என் தலையில் பூ வைத்தாள். ராசியான பிள்ளை, வேறு எதுவும் வேண்டாம், பொண்ணை மட்டும் கொடுங்கள் என்று அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றச் சொன்னாள். மாற்றினார்கள். மழை விடும்வரை இருந்து வடை தின்றுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அப்பாவும் நானும் அளத்துக்குப் போனோம். அம்பாரம் முழங்கால் உயரத்துக்கு அழுக்காகக் கிடந்தது. பாத்திகளில் எல்லாம் மழைத்தண்ணீர். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து ஒரு கை உப்பை அள்ளினார். அது விரலிடுக்கில் கஞ்சி போல வழிந்தது.

"நல்ல இடம்ளா. நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அவங்க தலைக்கு மேல இருந்து ஒரு ஓலைய எடுக்க ஒங்களுக்குக் கை வரல. என்னையத் தூக்கிக் குடுக்க மட்டும் வருதோ?"

அப்பா கையைப் பாத்தித் தண்ணீரில் அலம்பிக்கொண்டு எழுந்தார். ஆவணியில் என்னை ஏரலுக்கு அனுப்பிவைத்தார்.