அம்மாவின் டாப்ஸில் எழுதிய நீட்

நான் நீட் எழுதுவதற்காக அம்மா செங்கல்பட்டு பஜாரில் புது சுடிதார் வாங்கியிருந்தாள். மயில்நீலம். முழங்கைக்குக் கீழே இறங்கிய கை, நெஞ்சில் வரிசையாகப் பெரிய தங்க நிறப் பட்டன்கள். அரைக்கைதான் போட வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். முக்கால் கையும் அதில் சேரும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். பட்டனைப் பற்றி யோசிக்கவேயில்லை.

கருங்குழியிலிருந்து காலையிலேயே கிளம்பி, பஸ் மாறி மாறி, படூரில் எனக்குப் போட்டிருந்த சென்டருக்கு வந்து சேர்ந்தோம். கத்திரி வெயில். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அக்கா என்னைப் பார்த்ததுமே தலையாட்டினார்.

"இந்தப் பட்டனோட உள்ள வுட மாட்டாங்கம்மா. கையும் நீளமா கீது. மாத்திகினு வா, இன்னும் டைம் கீது."

மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? கையில் ஹால் டிக்கெட்டும் தண்ணி பாட்டிலும்தான். கண்ணுக்கெட்டிய வரை துணிக்கடையும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. வேலைக்குப் போட்டுப் போகும் பழைய சாம்பல் நிறச் சுடிதாரில்தான் அன்றும் வந்திருந்தாள். அரைக்கை. ஒரு பட்டன்கூடக் கிடையாது.

"கயட்டு" என்றாள்.

"எங்கம்மா? ரோட்லயா?"

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேகமாக வந்தார். கறுப்புப் புர்க்கா, கையில் பனையோலை விசிறி. மகனை அப்போதுதான் உள்ளே அனுப்பியிருந்தார். கோவளத்துக்காரர், கணவர் ஓட்டும் ஆட்டோவிலேயே வந்திருந்தார்கள்.

"எங்க ஆட்டோ சும்மாதான் கீது, வாங்கக்கா" என்றவர், கணவரிடம் திரும்பி, "நீங்க போயி ஒரு டீ குட்ச்சிட்டு வாங்க" என்றார். அந்த மனிதர் மறுபேச்சு பேசாமல் நடந்தார்.

ஆட்டோவின் ஒரு பக்கத்தை என் துப்பட்டாவாலும் இன்னொரு பக்கத்தை அம்மாவின் துப்பட்டாவாலும் மறைத்து, முன்பக்கம் தானே புர்க்காவை விரித்துக்கொண்டு நின்றார். உள்ளே நாங்கள் இருவரும் முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மாற்றினோம். அம்மாவின் டாப்ஸ் எனக்குத் தொளதொளவென்று தொங்கியது. அம்மா மயில்நீலத்துக்குள் கையை நுழைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பு இழுத்தாள். அக்குளில் 'டர்ர்' என்று சத்தம்.

உடனே வெளியிலிருந்து, "அக்கா, கியிஞ்சது ஆட்டோ சீட்டு இல்லியே?" என்ற குரல்.

அவ்வளவுதான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது. அதுவரை இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் உள்ளே நுழைந்தேன். பயாலஜி எழுதும்போதுகூட நடுவில் ஒருமுறை அந்தச் சத்தம் நினைவுக்கு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பக்கத்து வரிசைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாயங்காலம் வெளியே வந்தபோது, மதில் நிழலில் பேப்பரை விரித்து அம்மாவும் அந்தக் கோவளத்துப் பெண்ணும் ஏழெட்டுப் பெற்றோருடன் உட்கார்ந்திருந்தார்கள். துப்பட்டாவைத் தோளில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அம்மாதான் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணின் மகன் என் பின்னாலேயே வந்தான். வந்ததும் வராததுமாக என்னிடம், "பிசிக்ஸ்ல அந்தக் கப்பி கணக்குக்கு இன்னா போட்ட?" என்று ஆரம்பித்தான்.

"டேய், வாய மூடு. மொதல்ல துன்னுங்க" என்று அவன் அம்மா இரண்டு சமோசாக்களை எங்கள் கையில் திணித்தார்.

அன்று நேராக ஊருக்குத் திரும்ப அவர்கள் விடவில்லை. அதே ஆட்டோவில் நெருக்கியடித்துக் கோவளம் போனோம். அவர்கள் வீட்டில் நெய்ச்சோறு சாப்பிட்டோம். இருட்டுவதற்குள் கடலுக்கும் போய்விட்டோம். அம்மா சின்ன வயதில் ஒரே ஒருமுறை மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்தவள். அப்போதும் தண்ணீரில் இறங்க அவளை விடவில்லையாம். இப்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் நின்றாள். ஒவ்வொரு அலைக்கும் "ஐயோ, இஸ்துகினு போவுது, இஸ்துகினு போவுது" என்று கத்தினாள். ஆனால் கரைக்கு வா என்று கூப்பிட்டால் வரவில்லை. நானும் பையனும் மணலில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், கப்பிக் கணக்கை விரலால் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேருமே தப்பு.

ரிசல்ட் வந்த அன்று அம்மா கம்பெனி வேனில் இருந்தாள். டாக்டர் படிப்புக்கு மார்க் போதாது என்று போனில் சொன்னேன்.

"செரி, வேற இன்னா கீதுன்னு பாப்போம். கடைக்குப் போயி அர கிலோ தக்காளி வாங்கி வெய்யி" என்றாள்.

இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன வாரம் வார்டில் முதல்முறையாக ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன். அது அழுவதற்காக வாயைத் திறந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்ததோ, மூடிக்கொண்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் வரை என் கால் தரையில் படவில்லை.