ஜன்னல் பக்கத்துப் பெட்டி

எங்கள் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் பாடி நான் கேட்டதைவிட, வயிறு திறந்து மல்லாந்து கிடந்து பார்த்ததுதான் அதிகம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதும் அப்படித்தான், பதுளையில் எனக்கென்று வீடும் வேலையும் பிள்ளையும் வந்த பிறகும் அப்படித்தான். போன மாதம் என் மகள் பெட்டியின் நடுவில் உப்பிக்கொண்டிருந்த கறுப்புக் குமிழை விரலால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டாள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஓரத்து வளையமும் பிசுபிசுத்துப் போயிருந்தது. தூக்கிக் குப்பையில் போடலாம் என்றால் அப்பா வீட்டில் இருக்கிறார். வேறு வழியில்லாமல் பெரகலையிலிருந்து மாமாவை வரச் சொன்னேன். வேலை செய்துகொண்டே அவர் சொன்ன ஒரு விஷயத்தால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

அப்போது நாங்கள் பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். தோட்டத்துத் துரை மாற்றலாகிப் போனபோது, பங்களாவில் வேண்டாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கம்பளி, நாற்காலி, அலுமாரி என்று வீட்டுக்கு உதவுகிறவற்றைக் கொண்டுவந்தார்கள். பங்களாவில் பியூஸ் போனபோதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்துக்கொடுத்த அப்பாவுக்கு இரண்டு மரப்பெட்டிகளும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் கிடைத்தன. ஒவ்வொரு பெட்டியும் என் தோள் உயரம். எங்கள் முன்னறையோ நாலு பேர் காலை நீட்டினால் நிறைந்துவிடும். ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று கதவுப் பக்கம் என்று நிறுத்திய பின் கதவு பாதிதான் திறந்தது. தலைவைத்துப் படுக்க இடமில்லாத வீட்டில் ரெண்டு பீரோவைக் கொண்டுவந்து வைத்திருக்கிற மனுஷன் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பெரகலைச் சந்தியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். ஜன்னல் பக்கத்துப் பெட்டியில் காகிதத் தட்டைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்சு வளையம் மலைப் பனியில் கெட்டு, தொட்டால் கையோடு வந்தது. புது வளையத்துக்கு மாமா எங்கே போவார்? குடைத்துணியை வட்டமாக வெட்டி ரப்பர் பால் பூசி ஒட்டிவிடலாம் என்றார். மொனராகலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு போத்தல் பாலுக்குச் சொல்லிவைத்தார். போத்தல் வந்து சேர்ந்தபோது பால் உள்ளேயே உறைந்து கட்டியாகியிருந்தது. போத்தலை உடைத்து எடுத்த கட்டியை நான் பந்தாக வைத்துக்கொண்டேன். கடைசியில் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் அந்த வேலை முடிந்தது.

அதிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இரண்டு பெட்டிகளுக்கும் எதிரே, சிமெண்டுத் தரையில் நாலு கரிக்கோடு போட்டு, ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை அப்பா வைத்தார். அதன் கால்கள் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். அதில் உட்கார்ந்து கேட்டால், பெட்டிகள் இரண்டும் சரிசமமாக இருக்கும்போது, பாடுகிறவரின் குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராமல் நடுச்சுவரில் மாட்டியிருந்த கலண்டரிலிருந்து வரும். முதல் தடவை கேட்டபோது நான் எழுந்துபோய்க் கலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகத்தான் இருந்தது.

அப்பாவின் காதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெஷின்களோடு அவர் பதினெட்டு வருஷம் நின்றவர். பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத இரைச்சல் அது. அந்த இரைச்சலுக்குள்ளே எந்த மெஷினில் பெயரிங் தேய்கிறது என்று, அது நின்றுபோவதற்கு ரெண்டு நாள் முன்பே சொல்லிவிடுவார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அப்பாவைக் கேட்காமல் ஒரு மெஷினையும் திறக்கமாட்டார். காது போனால் ரோலரில் இடமில்லை, வெளியே கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கோ சாக்குத் தூக்கவோதான் போக வேண்டும். அந்தக் காது எங்கள் வீட்டுக்குப் பெரிய கௌரவம். அதனால்தான் அந்தக் காது சொன்னதை யாரும் மறுக்க முடியவில்லை.

"ஜன்னல் பக்கம் கொறையுது," என்றார் அப்பா ஒரு ஞாயிறு.

என்னை உட்காரவைத்தார். கேட்டேன். குரல் கலண்டரில்தான் இருந்தது. ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது என்றேன். நல்லாக் கேளு என்றார். நல்லாகவும் கேட்டேன். எப்படிக் கேட்டாலும் அதே கலண்டர்தான். என் காதில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று முடிவுசெய்து, அம்மாவிடம் சொல்லி ரெண்டு காதிலும் இளஞ்சூடாக எண்ணெய் விடச் செய்தார். பஞ்சை அடைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கத் திரிந்தேன். மறுவாரமும் எனக்கு ரெண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இப்படியே போன மூன்று மாதத்தில் பெட்டியைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அப்பா நம்பவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

மாமா வாராவாரம் மலையேறி வந்தார். வளையத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினார். அப்பாவுக்குத் திருப்தியில்லை. பெட்டிகளை இடம் மாற்றிப் பார்க்கலாம், கெட்ட பெட்டி எங்கே போனாலும் கெடுதல் அதோடு போகும் என்றார் மாமா. ஜன்னல் பக்கத்துப் பெட்டி கதவுப் பக்கம் போயிற்று. அப்பா உட்கார்ந்து கேட்டுவிட்டு, இப்போதும் ஜன்னல் பக்கம்தான் குறைகிறது என்றார். அப்படியென்றால் பெட்டியில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில் என்று மாமா வயர்களை மாற்றிச் செருகினார். ஜன்னல் பக்கம்தான். புது வயர் போட்டார். அப்போதும் ஜன்னல் பக்கம்தான். சத்தத்தைச் சுவர் குடிக்கிறது என்று அப்பா கண்டுபிடித்து, அம்மாவின் சேலைகளை ஜன்னலில் கட்டினார், பிறகு கழற்றினார், அரிசி மூட்டையை மூலையில் வைத்தார், அடுத்த வாரம் எடுத்தார். அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் ஆடுகிறது என்று சுவரைத் தட்டினார்கள். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வருவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் மாமாவுக்குப் பொறுமை போயிற்று. குறை எங்கேயும் இல்லை, பெட்டி ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார்.

"அப்ப நான் பொய் சொல்றனா?" என்றார் அப்பா. "சைக்கிள் பசைய தடவிப்புட்டு வேலை தெரிஞ்சவன்னு சொல்லிக்கிறதா?"

மாமா ஈயம் பற்றவைக்கிற அயனை அப்படியே தரையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மூன்று வாரம் அவர் வரவில்லை. அம்மா சமைத்தாள், கொழுந்தெடுக்கப் போனாள், அப்பாவோடு மட்டும் பேசவில்லை. ரெண்டு மரப்பெட்டிக்காக என் கூடப்பிறந்தவனை விரட்டிவிட்டார் என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அழுதாளாம். பார்த்த பிள்ளைகள் வந்து எனக்குச் சொன்னார்கள்.

நாலாவது ஞாயிறு அப்பா ஒரு காரியம் செய்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே கையை நீட்டிக் கதவுப் பக்கத்துப் பெட்டியைக் காட்டி, "இப்ப அது கொறையுது," என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று மாதமாக ஜன்னல் பக்கத்துப் பெட்டியைப் படுத்தியது போதாதென்று இப்போது கதவுப் பக்கத்ததையும் பிடித்துக்கொண்டாரே என்று நினைத்தேன். அப்பா மறுபடி நாற்காலியை நேராகப் போட்டார். மறுபடி திருப்பினார். அதற்குப் பிறகு பாட்டை நிறுத்திவிட்டு எழுந்தார். தரையில் கிடந்த அயனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் பெரகலைக்கு இறங்கினார்.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். சண்டை நடந்த சுவடே இல்லை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மாமா பெட்டிகளைத் தொடவேயில்லை. ஆம்ப்ளிஃபயரில், சத்தத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கூட்டிக் குறைக்கிற திருகு ஒன்று இருந்தது. அதன் தலை எப்போதோ கழன்று, வெறும் கம்பிதான் நீட்டிக்கொண்டிருந்தது. குறி, கோடு ஒன்றும் கிடையாது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மாமா அந்தக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். குரல் கலண்டரை விட்டு நகர்ந்து, ஜன்னல் பக்கம் போய், பெட்டிக்குள்ளேயே நுழைந்துகொண்டது. அங்கே அப்பா கையைத் தூக்கினார்.

"நடுவுல வந்துருச்சு," என்றார்.

நான், இப்போதுதான் கோணலாகிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமா என் காலை மிதித்தார். "சரியா இருக்குன்னு சொல்லு பாப்பா," என்றார்.

சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சரியாக இருந்தபோது கோணல் என்றார்கள், கோணலாக்கிவிட்டுச் சரி என்கிறார்கள். பெரியவர்களுக்கு மொத்தமாகப் புத்தி கலங்கிவிட்டது என்றும், இந்த வீட்டில் ஒழுங்காகக் கேட்கிற காது எனக்கு மட்டும்தான் என்றும் முடிவுசெய்தேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அப்பாவும் அம்மாவும் வேலையிலிருக்கும் நேரத்தில், பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலிக்கும் கம்பிக்குமாக ஓடி ஓடிக் குரலைக் கலண்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஞாயிறு அப்பா உட்கார்ந்தார். முகம் மாறியது.

"யாராச்சும் அந்தக் கம்பிய தொட்டீங்களா?"

அந்தச் சனியனை நான் ஏன் தொடப்போகிறேன் என்றாள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லப்பா," என்றேன்.

அப்பா எழுந்துபோய்க் கம்பியைத் திருகி, தன் நடுவைத் தேடி எடுத்தார். அடுத்த வாரம் நான் என் நடுவுக்குக் கொண்டுவந்தேன். அவர் கேட்டார், நான் இல்லை என்றேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் தடவை அவர் கம்பியைத் திருகவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். பழைய படுக்கைத் துணியை எடுத்துப் பெட்டிகளைப் போர்த்தினார். மறுநாளே அம்மா ஒன்றின்மேல் அரிசி மூட்டையையும் மற்றதன்மேல் துணி மூட்டையையும் ஏற்றிவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அப்பா ரோலரிலிருந்து கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மாறினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெளிவேலை என்பதால் முகத்தில் வெயில் பட்டு நன்றாக இருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. ரப்பர்ப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு அந்த லயத்திலேயே சந்தோஷமான பிள்ளை நான்தான்.

போன மாதம் மாமா என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய புது வளையத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பசைக் குப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே, கேட்கிற காதைத் தலையணையில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் பட்ட பாட்டை நான் எரிச்சலோடு சொல்லச் சொல்ல, மாமா சிரித்துக்கொண்டிருந்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அயனை எடுத்துக்கிட்டு கடைக்கி வந்தாரு பாப்பா. பொட்டியில ஒன்னுமில்ல மச்சான், என் எடது காதுதான் போயிருக்கு, அக்காவுக்குக்கூட சொல்லிறாதீங்கன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாரு. இதுக்கு மேல கொறையாம இருந்தா ரோலர்ல ஓட்டிறலாம்னாரு. அதப் பாக்கத்தான் அந்தக் கம்பிய திருகி வச்சோம். பாட்டு அவருக்கு நடுவுல கேக்குற வரைக்கும் காது எறங்கலன்னு அர்த்தம்."

நான் குப்பியைக் கீழே வைத்தேன்.

"மூனு வாட்டி வந்து சொன்னாரு, இன்னும் எறங்கிருச்சு மச்சான்னு. மூனாவது வாட்டி, மெஷின் கெட்டு யாருக்காச்சும் கையி போயிறப் போகுதுன்னு அவரே டீமேக்கர்கிட்ட போயி சொல்லிட்டாரு. என்ன அதிசயமோ, அதுக்கப்புறம் அந்தக் காது அதே மாதிரியேதான் இருக்கு."

மாமா வளையத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, கம்பியை யாராவது தொட்டிருப்பார்களோ என்று தனக்கும் அப்போது சந்தேகம் வந்ததாகவும், அப்பாவிடம் கேட்டதாகவும் சொன்னார். அப்பா அதெல்லாம் இல்லை என்றாராம். பாப்பாவிடம் கேட்டேன், தொடவில்லை என்றாள், அவள் பொய் சொல்லமாட்டாள் என்றாராம்.

மூன்று மாதம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், என் காதில் எண்ணெய் விட்டார். இல்லப்பா என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நம்பினார்.