செட் உடைத்த கட்டைகள்

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் மூட்டைக்காரர். படப்பிடிப்பு நிலையத்தில் செட் போடும் தச்சர். வேலை முடிந்து அவர் வெறுங்கையோடு வீடு திரும்பியதை யாரும் பார்த்ததில்லை.

சினிமாக்காரர்களின் கூத்தைக் கொஞ்சம் கேளுங்கள். பிளைவுட்டும் கட்டையும் அடித்து, பளபளவென்று பெயிண்ட் பூசி, ராப்பகலாக ஒரு மாளிகை கட்டுவார்கள். கடைசிக் காட்சி எடுத்த கையோடு, தளத்தைக் காலி செய்யவேண்டுமென்று சம்மட்டியோடு இறங்குவார்கள். மாளிகை லாரியேறிப் போய் ஊருக்கு வெளியே எரியும். அடுத்த வாரம் அதே அளவில் இன்னொரு மாளிகை. அட, இருக்கிற பலகையையே திருப்பி வைத்தால் என்ன குடியா முழுகிவிடும்? கேட்பாரில்லை. பார்க்கப் பார்க்க மூட்டைக்காரருக்கு வயிறு எரியும்.

அதனால் உடைந்ததைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். "இந்தா, இன்னைக்கு அரண்மனைக் கதவு!" என்று மனைவியிடம் நீட்டுவார். "நேத்து கோர்ட்டுக் கூண்டுல டீ போட்டேன், இன்னைக்கு அரண்மனையா? வாழ்வுதான் போங்க" என்பாள் அவள். சமையலுக்கு, வெந்நீருக்கு, எல்லாவற்றுக்கும் அந்தக் கட்டைதான். மிஞ்சியது சின்னப் பிள்ளை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போகும்.

கம்பெனிக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் ஞானம் வந்து ஒரு கூட்டம் போட்டார்கள். மேனேஜர் இவரை எழுப்பி நிறுத்தி, "ஒரு குச்சியைக்கூட வீணாக்காத மனுஷன், பாத்துக் கத்துக்குங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. செட்டை உடைப்பது மட்டும் நின்றபாடில்லை.

மனைவிக்கு இருமல் வந்தது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல எதுல சமைக்கிறீங்க?"

"விறகுதாம்மா. எல்லாம் செட்டுக் கட்டை" என்றார் இவர், பெருமையாக.

"பெயிண்ட் அடிச்சதா?"

"பெயிண்ட், வார்னிஷ், பசை எல்லாம் இருக்கும். அதான் சட்டுனு பத்திக்கும்."

டாக்டரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அது விறகு இல்லைங்க, விஷம். இவங்க நெஞ்சு பூராவும் அந்தப் புகைதான் கெடுத்திருக்கு. எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து" என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கு அந்தப் புகை ஆகலைன்னு அப்பவே தெரியும்ங்க. கண்ணெல்லாம் எரியும். நீங்க அவ்வளவு ஆசையா தூக்கிட்டு வருவீங்க, எப்படிச் சொல்றது?"

பாவி மனுஷன், பஸ் என்றும் பாராமல் அழுதார்.

"அழாதீங்க. முதல்ல பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அன்றோடு கட்டை கொண்டுவருவது நின்றது. ஆனால் பக்கத்து வீட்டுக் கொல்லையில் அவர் கொடுத்தது இன்னும் ஆளுயரம் அடுக்கியிருந்தது. தன் கையால் கொடுத்ததை எந்த வாயால் விஷம் என்பது? அந்த வாசல்வரை போவார். வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவார். "சொல்லிட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "சொல்லிட்டேன்" என்பார். அவளிடம் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்தான் ஒரு பானை டீ போட்டு எடுத்துவந்தாள். அவருக்கு ஒரு டம்ளரில் ஊற்றி, "குடிங்கண்ணே, காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை" என்றாள். டம்ளரில் புகை நாற்றம் அடித்தது. அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கட்டையை எரிக்காதேம்மா. அந்தப் புகைதான் இவளைக் கொன்னுது. டாக்டரு அப்பவே சொல்லிட்டாங்க. உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை."

அவள் பானையைக் கீழே வைத்தாள்.

"அப்ப தெரிஞ்சுதான், தினமும் வாசல்ல வந்து நின்னு, பிள்ளைக்கு இருமல் நின்னுச்சான்னு கேட்டீங்களாண்ணே?"