ஆணி அடித்த யன்னல்கள்

கல்முனைக்கு அருகே ஆற்றோரத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பொதுக் குளிப்பறை ஒன்று, எழுபதுகளின் இறுதியில் வாசிகசாலையாகியிருந்தது. உள்ளே இருட்டு என்று வாசகர்கள் முறையிட்டதால் செய்தி சேகரிக்கப் போனேன். காவலாளி ஒல்லியானவர், வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாறன்; ஊருக்கெல்லாம் அவர் 'காக்கா', அதாவது அண்ணன். பின்கதவைத் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் உரக்க இருமினார். நோய் என்று நினைத்தேன். ஆற்றுப் பக்க யன்னல்கள் எல்லாம் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன.

"இது ஆரு காக்கா அடிச்ச ஆணி?"

"நான்தான். குளிப்பறை போனாலும் பின்னால படி இரிக்கி. பொம்புளையள் இன்னும் அங்கதான் குளிக்காங்க. யன்னலத் திறந்தா வாறவன் பேப்பரையா பாப்பான்?"

"ஊர்ச் சபை திறக்கச் சொன்னா?"

"அதான் பயம். இருட்டெண்டு எழுதுங்க தம்பி. யன்னலப் பத்தி மட்டும் எழுதிராதீங்க."

மின்விளக்கு தேவை என்று மட்டும் எழுதினேன்.

சில மாதங்களின் பின் போனபோது, நடுப்பகலில் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஆணிகள் அப்படியே இருந்தன. அவர் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு பின்கதவருகே போய் இருமினார்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா!" என்றது வெளியே ஒரு பெண்குரல்.

நான் வாசித்து முடித்துப் புறப்படும்போதும், அவர் கதவுக்கு முதுகைக் காட்டியபடி கூடையோடு நின்றுகொண்டிருந்தார்.