அண்ணி தேர்ந்தெடுத்த குரல்

"வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?" என்று அந்த விலையுயர்ந்த டேப்லட் கேட்டதும் அண்ணி சிரித்தார். சிரித்தார் என்றால் தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். சத்தம் எதுவும் வரவில்லை. ரெசிடென்சி ரோடு பக்கம் இருந்த அந்தக் கடையில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். குரலைக் குறை சொல்ல முடியாது. செய்தி வாசிக்கும் பெண்மணியைப் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக உச்சரித்தது. அதற்காகத்தான் வாரக்கணக்கில் தேடி அந்த டேப்லட்டை நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அண்ணி என் கையைத் தட்டி உதட்டை மட்டும் அசைத்து ஒன்று கேட்டார். "யாரு தம்பி இந்தம்மா?" என்று எனக்குப் புரிந்தது.

அண்ணியின் பழைய குரலைக் கேட்டவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். இந்தக் கன்னட ஊரில் தமிழர் நிறைந்த ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமான பிறகும் அதே தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியேறியவர் அவர். மாடியில் நின்று பேசினால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். தள்ளுவண்டிக்காரரிடம் கன்னடம், கறிக்கடை பாயிடம் உருது, வீட்டுக்குள் வந்தால் தமிழ். மூன்றிலும் பேரம் பேசுவார், மூன்றிலும் நலம் விசாரிப்பார். எனக்கு வாணியம்பாடிப் பக்கம். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, கல்யாணமாகும் வரை அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். ஆபீசில் மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டால் நான் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருவேன். "மூஞ்சிய பாத்து நான் இன்னா கண்டுபுடிக்கிறது? வாயத் தொறந்து சொல்லு தம்பி" என்பார் அண்ணி. சொன்ன பிறகு பாதிப் பாரம் இறங்கியிருக்கும். மீதிப் பாரத்தை அவர் அந்த மேலதிகாரியைத் திட்டித் தீர்ப்பார். அந்த மனிதரை அவர் பார்த்ததுகூட இல்லை.

அண்ணன் இதற்கு நேர் எதிர். பீன்யாவில் ஒரு பட்டறையில் லேத் மெஷினில் நிற்பவர். நாளெல்லாம் இரைச்சலுக்குள் இருந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவர் பேசுவது எதிரில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து அண்ணியே பேசிவிடுவார், கணக்கு சரியாகிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி பேசிக்கொண்டே இருப்பார். அண்ணன் நடுநடுவே ஒரு சொல் போடுவார், அதற்கு அண்ணி சிரிப்பார். நான் பார்த்த தம்பதிகளில் இவ்வளவு பேசிக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை.

பிறகு அண்ணிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். அண்ணி டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், எடுத்த பிறகு சாப்பிட முடியுமா என்று. முடியும் என்றதும் தலையை ஆட்டிவிட்டார். கழுத்தின் அடியில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை போட்டார்கள். கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைப் பின்னால் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு அண்ணியின் கழுத்து தடித்துப் போயிருந்ததால் அதில் பேச்சு தெளிவாக வரவில்லை. அவரும் அதை மூடி வைத்துவிட்டார். அழுது நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே, குழம்பில் உப்பு குறைவு என்று கரண்டியை மேசையில் தட்டிச் சொன்னவர் அவர்.

பேச்சுக்குப் பதிலாக எழுதிக் காட்டலாம் என்று ஒரு பலகை வாங்கிவந்தோம், எழுதி எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகை. அப்போதுதான் எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றாத ஒன்று தெரிந்தது. அண்ணி படித்ததெல்லாம் கன்னட மீடியம். தமிழ் பேசுவார், ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாது. அண்ணன் ஊரில் எட்டாவது வரை தமிழில் படித்தவர். கன்னடம் பேசுவார், பஸ் போர்டைத் தாண்டி எதையும் படிக்கத் தெரியாது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்களுக்கு எழுத்து தேவைப்படவே இல்லை. போனில்கூடப் பேசுவார்கள், இல்லாவிட்டால் பேச்சைப் பதிந்து அனுப்புவார்கள். அண்ணி பலகையில் எழுதி அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாதவர் போல நின்றார்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதிப் பார்த்தார் அண்ணி. அண்ணன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். உதட்டசைவை வைத்துத் தண்ணீர், தயிர், கரண்ட் பில் போன்றவற்றைப் பிடித்துவிடுவார், அதற்கு மேல் போனால் தடுமாறுவார். கன்னட எழுத்துப் புத்தகம் ஒன்றையும் வாங்கி வந்து பட்டறையில் உணவு இடைவேளையில் படிக்க ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு அந்த வளைவுகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தன. கடைசியில் கை கொடுத்தது அவர்களுடைய மகள்தான். அவளுக்கு இரண்டு மொழியும் படிக்கத் தெரியும். அம்மா எழுதுவதை அவள் உரக்க வாசிப்பாள், அப்பா பதில் சொல்வார். வீடு ஒருவிதமாக ஓடியது.

ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனித்தேன். அண்ணி சில நேரம் பலகையில் எதையோ எழுத ஆரம்பிப்பார். எழுதிக்கொண்டே தலையைத் தூக்கி, வாசிக்கக் காத்திருக்கும் மகளைப் பார்ப்பார். உடனே உள்ளங்கையால் அழித்துவிட்டு, கேஸ் சிலிண்டர் பற்றியோ பால் பாக்கெட் பற்றியோ எழுதிக் கொடுப்பார். பெற்ற மகளே ஆனாலும், புருஷனிடம் சொல்ல வேண்டியதை அவள் வாயால் சொல்ல வைக்க முடியுமா? அண்ணனும் அதைக் கவனித்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் ஒரு பயம் குடியேறியிருந்தது. மகளுக்குப் புனேவில் வேலை கிடைத்ததும் அந்தப் பயம் பெரிதாகிவிட்டது. அவள் போய்விட்டால் இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல்தான் இருக்க வேண்டும்.

அதற்குள் ஒரு டேப்லட் வாங்கிவிட வேண்டும், எழுதினால் அது பேச வேண்டும். பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எந்தச் செயலி எந்தக் கருவியில் ஓடும், எதில் ஓடாது என்று சோதிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. பேச்சை இழந்தவர்களுக்கென்றே செய்த ஒரு நல்ல செயலியைப் பிடித்தேன். படத்தைத் தொட்டாலும் பேசும், எழுதினாலும் பேசும். தமிழ்க் குரல் இருந்தது. சில டேப்லட்களில் மட்டும்தான் ஓடும் என்பதால் விலை அதிகம், அதை நானும் அண்ணனும் பங்கு போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணி தமிழ் எழுத மாட்டார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. படங்கள் இருக்கின்றன, மெதுவாக எழுத்தும் பழகிக்கொள்வார் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

கடையில் அண்ணி முதலில் படங்களைத் தொட்டுப் பார்த்தார். தட்டு, டம்ளர், கட்டில், அழுகிற முகம், சிரிக்கிற முகம். என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு தமிழ் விசைப்பலகையைத் திறந்து காட்டினேன். தெரியாதவர் வீட்டு அடுப்படியில் டீத்தூள் தேடுவது போல அவர் விரல் அதன்மேல் அலைந்தது. "பழகிக்கலாம் அண்ணி, அவசரமில்ல" என்றேன். அவர் பதிலுக்குக் கன்னட எழுத்துக்கு மாற்றி மளமளவென்று ஏதோ எழுதிப் பேசும் பொத்தானை அழுத்தினார். செய்தி வாசிக்கும் பெண்மணி வாயைத் திறக்கவில்லை. அந்தச் செயலியில் கன்னடக் குரலே இல்லை.

அண்ணி மேசையின் கோடியில் இருந்த சின்ன டேப்லட்டைக் காட்டினார், அவருடைய போனைப் போலவே இயங்குவது. நான் சொன்ன செயலியை அதில் ஏற்றப் பார்த்தால், இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்று செய்தி வந்தது. "பாத்தீங்களா அண்ணி?" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா பார் என்று சைகை செய்தார். எழுதியதை அப்படியே வாசிக்கிற சாதாரணச் செயலி ஒன்று கிடைத்தது. படமும் இல்லை, அலங்காரமும் இல்லை. கன்னடக் குரலைத் தரவிறக்கிப் போட்டுக் கொடுத்தேன். கடையில் இருந்த விற்பனைப் பெண், "கன்னடா சென்னாகி ஓதுத்தே மேடம்" என்று உறுதி சொன்னாள். கன்னடம் நன்றாகத்தான் வாசிக்கும், ஆனால் அண்ணனுடன் அவர் பேசுவது தமிழ் அல்லவா என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

அண்ணி எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தினார். "ஏங்க, காலைல மாத்திர போட்டீங்களா?" என்றது டேப்லட்.

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. "போட்டேனே, டிபன் சாப்ட்டு ஒடனே போட்டேன்" என்று திரும்பாமலே சொன்னார். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் திரும்பினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அண்ணி கன்னட எழுத்தில் தமிழை எழுதியிருக்கிறார். அந்தக் கன்னடக் குரலுக்குத் தமிழ் தெரியாது, கண்ணில் பட்டதை வாசித்திருக்கிறது. வந்து விழுந்ததோ சுத்தமான ஆஸ்டின் டவுன் தமிழ். இடையிடையே கன்னட வாடை அடிக்கிறதே என்றால், அண்ணி வாய் திறந்து பேசிய காலத்திலும் அப்படித்தான் அடித்தது. எனக்குத் தோன்றவே தோன்றாத வழி அது, அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அதோடு விடவில்லை அவர். கடையின் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லி மறுபடியும் பேச வைத்துப் பார்த்தார். வீட்டில் சிக்னல் வரும் போகும், அதை நம்ப முடியாது. பேசியது. நான் மட்டும் இன்னும் தயங்கினேன். "அண்ணி, இதுல ஸ்பீக்கர் ஒண்ணுதான், பெரிசுல சத்தம் நல்லா வரும்" என்றேன். விற்பனைப் பெண் இதிலும் சத்தம் வரும் என்று காட்டுவதற்காக முழுவதும் ஏற்றி வைத்தாள். பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். தெருவையே திரும்பிப் பார்க்க வைத்த அண்ணிக்கு இது பிடித்துப்போகும் என்று நினைத்தேன்.

அண்ணி டேப்லட்டை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். இதற்கு மேல் குறைத்தால் ஊமையாகிவிடும் என்ற இடத்தில் நிறுத்தினார். பிறகு எங்களிடமிருந்து இரண்டடி விலகிப் போய் நீண்ட நேரம் எழுதினார். அண்ணனை விரலால் கூப்பிட்டு, டேப்லட்டை அவர் காதோடு வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அண்ணியின் கழுத்தில், மூச்சுத் துளைக்கு மேல் கட்டியிருந்த துணி நழுவியிருந்ததை எடுத்துச் சரி செய்தார். "அப்டிலாம் ஒண்ணும் இல்ல. யார் சொன்னா ஒனக்கு?" என்றார். அவ்வளவு உரக்க அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அண்ணி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, இதுவே போதும் என்று டேப்லட்டைத் தட்டிக் காட்டினார்.

மகள் இப்போது புனேவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். காய்கறிக்காரர் வந்தால் அண்ணி டேப்லட்டை மாடிச் சுவரில் வைத்து முழுச் சத்தத்தில் பேரம் பேசுகிறார். என்னையும் அதே சத்தத்தில்தான் கிண்டல் செய்கிறார். போன வாரம் நான் ஹாலில் உட்கார்ந்திருந்தேன், இருவரும் சமையலறையில் இருந்தார்கள். அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. "ம்... அப்பறம்? ...அத ஏன் இன்னும் ஞாபகம் வெச்சிருக்க?" பிறகு அவர் சிரித்தார். முன்பெல்லாம் அந்த வீட்டில் அண்ணி பேசுவது ஊருக்கே கேட்கும், அண்ணன் பேசுவதுதான் யாருக்கும் கேட்காது. இப்போது தலைகீழாகிவிட்டது. அண்ணி அவரிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அண்ணி அந்த டேப்லட்டை வாங்கினார்.