கதவைச் சாத்திய பத்து நாள்

ஒரு ஊரிலே ஒரு சர்வர் இருந்ததாம். அதற்கு ராஜா கிடையாதாம், மந்திரிகள் மட்டும் மூன்று பேராம். தாத்தாவிடம் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு எதையும் இப்படித்தான் தொடங்க வருகிறது. அந்த மூன்று மந்திரிகளில் ஒருவன் நான்.

சம்பளமில்லாமல் சர்வர் பார்த்துக்கொள்ளும் சக பாவிகளுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே கம்பெனி எல்லாரையும் கட்டி மேய்க்கிற சமூகத்தளம் அல்ல இது. ஆளாளுக்கு ஒரு சர்வர், அதாவது சொந்தக் கணினியில் ஓடுகிற ஒரு சின்னத் தளம். இதில் இருப்பவர் அதில் இருப்பவரைப் பின்தொடரலாம். துறைமுகங்கள் மாதிரி, தனித்தனி நிர்வாகம், நடுவில் போக்குவரத்து. எங்கள் சர்வரின் பெயர் 'கரைவலை'. தூத்துக்குடியில் ஒரு வலைக்கடையின் மாடி அறையில் இருந்து நடத்துகிறோம்: நாசரேத்து சாமுவேல், சாகுபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த அருணா, நான்.

ஓனர் யார்?

தருவைகுளத்தில் ஐஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரைச் சேர்க்கப் போனோம். விளம்பரம் கிடையாது, மென்பொருளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், முதலாளி என்று ஒருவரும் இல்லை என்று சாமுவேல் அரை மணி நேரம் பேசினான். அண்ணாச்சி ஐஸ் உடைக்கிற மெஷினை நிறுத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டதற்கு நாங்கள் சிரித்துவிட்டு வந்தோம்:

"எல்லாம் சரிதாம்ல. நாளைக்கு ஒரு தப்பு நடந்தா, ஓனர் இல்லாத கடையில நான் யாருகிட்டப் போய்ச் சத்தம் போட?"

ஒரு வரி

எங்கள் தெரு ரோஸ்லின் அக்காவின் கணவர் அமலன் அண்ணன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். நடுக்கடலில் நெட் கொஞ்சம்தான். படமும் வீடியோவும் ஏறாது. அதனால் மாலுமிகள் சிலர் சேர்ந்து எழுத்து மட்டும் போகிற மாதிரி ஒரு சர்வர் நடத்துகிறார்கள். அண்ணன் அதில் இருந்தார். அக்காவுக்கு எங்களிடம் கணக்கு தொடங்கி, அவரைப் பின்தொடர வைத்துக் கொடுத்தேன்.

தினமும் காலையில் ஒரு வரி வரும். "சாப்பிட்டேன். அலை கம்மி." மறுநாள், "சாப்பிட்டேன். அலை கூட." அக்கா பதிலுக்கு "ம்" என்று போடுவார். இதற்கா இவ்வளவு பாடு என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கொஞ்சிப் பேசவா தம்பி கல்யாணம் முடிச்சோம்? ஆளு இருக்காருன்னு தெரிஞ்சா உலைய வைப்பேன், அவ்வளவுதான்."

மூன்றாவது வாக்கு

மாலுமிகள் சர்வரில் இருந்து ஒருவன் அருணாவுக்கு அசிங்க அசிங்கமாக எழுதினான். அங்கத்திய நிர்வாகிக்குப் புகார் அனுப்பினோம், பதில் இல்லை. அவரும் ஏதோ ஒரு கப்பலில்தானே இருப்பார். அந்த சர்வரையே துண்டிக்க வேண்டும், அங்கிருந்து ஒன்றும் இங்கே வரக் கூடாது என்றான் சாமுவேல். அந்த ஒருவனை மட்டும் தடுத்தால் போதும் என்றாள் அருணா.

வழக்கப்படி விவாதத்தை இணையப் பொது மன்றத்தில் வைத்தோம். எந்தெந்த நாட்டில் இருந்தோ நிரலாளர்கள் வந்து சேர்ந்து, சுதந்திரம் என்றால் என்ன, பொறுப்பு என்றால் என்ன என்று மூன்று நாள் அடித்துக்கொண்டார்கள். நம் ஆட்களில் யார் யார் அங்கே இருப்பவரைப் பின்தொடர்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. எனக்குச் சண்டை ஆகாது. சத்தமாகப் பேசுகிறவன் பக்கம் சாய்ந்தால் சத்தம் நிற்கும். "சரி" என்றேன். பொத்தானையும் நானே அழுத்தினேன். அருணா லேப்டாப்பை மூடினாள்.

"திட்டு வாங்குனது நான். திட்டுனவன் ஒருத்தன். அவன் ஊரையே எதுக்குல அடைக்கீங்க?"

அப்படி ஒருவர் இல்லை

துண்டித்ததை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். காரணத்தை விரிவாக எழுது என்றான் சாமுவேல். என் பெயர் வரக் கூடாது என்றாள் அருணா. எழுதி, திருத்தி, திருத்தத்தைத் திருத்தி, பத்தாம் நாளும் அது வரைவிலேயே கிடந்தது.

அன்று முற்பகல் ரோஸ்லின் அக்கா மாடியேறி வந்தார். பத்து நாளாக வரி வரவில்லை. கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியாயிற்று. கப்பல் ஏஜென்ட் ஆபீசில், விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம். செல்லை என்னிடம் நீட்டினார். அண்ணன் பெயரைத் தேடியிருக்கிறார். 'அப்படி ஒருவர் இல்லை' என்று வந்திருந்தது. மென்பொருளின் அந்த வாசகத்தைத் தமிழாக்கியவனும் நான்தான்.

"இத எழுதுனது ஆரு தம்பி? அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பத்து வரிகள்

"நான்தான் அக்கா. அண்ணனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. கதவச் சாத்துனது நாங்க" என்றேன். சாமுவேல் ஒரு நிமிஷத்தில் தடையை எடுத்துவிட்டான். ஆனால் ஒரு தடவை துண்டித்தால் பின்தொடர்ந்த இழைகள் இரண்டு பக்கமும் அறுந்துபோகும். தடையை எடுத்தாலும் தானாக ஒட்டாது. மூன்று பேருக்குமே தெரிந்த விதிதான்.

மாலுமிகள் சர்வரின் பக்கத்தையே நேராகத் திறந்தேன். பத்து வரிகளும் அங்கே இருந்தன. "சாப்பிட்டேன். அலை கம்மி." "சாப்பிட்டேன். இன்னைக்கும் உன் 'ம்' காணோம்." "ரோஸ், உடம்புக்கு என்ன?" அன்று காலை வரி: "சாப்பிடல. புள்ளைகளாவது ஒரு 'ம்' போடுங்க."

அக்கா விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவர் செல்லில் அண்ணனை மறுபடி பின்தொடர வைத்துக் கொடுத்தேன். அண்ணன் பெயரைப் போட்டு "ம்" என்று அடித்தார். அருணா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் இரண்டு மணிக்கு மேல் பதில் வந்தது: "சாப்பிடப் போறேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அக்கா, எங்க பாலிசி என்னன்னா..." என்று சாமுவேல் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தம் போடணும்னுதான் படியேறுனேன் தம்பி. உங்கள்ல ஆரப் பாத்துப் போடன்னு தெரியல. அடுத்த தடவ கதவச் சாத்துமுன்ன, உள்ள ஆளு இருக்கான்னு ஒரு குரல் குடுங்க."

ஒவ்வொரு படியாக இறங்கி, உலை வைக்கப் போனார்.

ராஜா இல்லாத ஊரில் சண்டைக்குப் பயந்து ஒருவன் "சரி" என்று சொன்னால், அந்த நேரத்துக்கு அவன்தான் ராஜா.